ஆறு கட்டையிலிருந்து நாலரைக்கு

1

எங்கள் சங்கத்தின் முப்பதாவது ஆண்டு விழாவில் எனக்குப் போர்த்திய பொன்னாடை இப்போது வீட்டுச் சோபாவின் முதுகில் கிடக்கிறது. அதோடு சேர்த்துத் தருவதற்கென்று செய்து வைத்திருந்த கேடயத்தை நான் வாங்கவில்லை. நான் அதை வேண்டாம் என்று சொல்கிற காட்சியை யாரோ கைப்பேசியில் எடுத்து அனுப்ப, அது லண்டன், ரொறன்ரோ எல்லாம் சுற்றி மானிப்பாயில் இருக்கிற என் தங்கச்சியிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"உனக்கென்ன விசரே? மேடையில வைச்சுக் குடுக்கிறதை ஆரும் வேண்டாமெண்டு சொல்லுவினமோ?" என்று அவள் தொலைபேசியில் கத்தினாள்.

தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையில்லை இது. ஊரில் என்னைத் தெரிந்த இன்னும் நாலு பேராவது இதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். எல்லாருக்குமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு ஜப்பான்காரியும் வருகிறாள்.

நான் இருப்பது டென்மார்க்கின் ஸ்கீவ என்ற சிறிய பட்டினத்தில். அகதிகளாக வந்த எங்களை ஒரே இடத்தில் குவிய விடாமல் ஊர் ஊராகப் பிரித்து அனுப்பினார்கள். எங்களுக்கு விழுந்தது ஸ்கீவ. பகலில் முதியோர் இல்லத்தில் வேலை: குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, காது கேளாத கிழவர்களுக்குக் கத்திக் கத்தி நேரம் சொல்வது. என் கணவரை 'இவர்' என்றே எழுதுகிறேன், பெயர் சொல்லிப் பழக்கமில்லை. இவர் இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் நின்று களைத்து இப்போது ஓய்வில் இருக்கிறார். ஆனால் எங்கள் ஆட்களிடம் கேட்டால் இந்த வேலைகளை யாரும் சொல்லமாட்டார்கள். இவர் கீபோட் அண்ணை. நான் பாட்டுக்கார அக்கா.

பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர் ஆர்மோனியத்தில் ஆறாம் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "இந்த உயரத்தில நிண்டு பாடுற பிள்ளை இவள் ஒருத்திதான்" என்று மற்றப் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டுவா. சங்கீதம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்டியில் வெள்ளைக் கட்டைகளுக்கு ஒன்று, இரண்டு என்று இலக்கம் உண்டு. இலக்கம் ஏற ஏறச் சுருதி மேலே போகும்; அரை என்றால் இடையில் இருக்கிற கறுப்புக் கட்டை. பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரையில் பாடுவார்கள். எனக்கு ஆறு. அந்த ஆறை நான் என் பெயருக்கு முன்னால் போடாத குறைதான்.

சங்கத்தின் முதலாவது விழாவுக்கு இவர் ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டார். தூர தேசத்தில் இருக்கிற பிள்ளையைத் தாய் கூப்பிடுகிற பாட்டு. கடைசி வரியில் 'வா மகளே' என்ற இரண்டு சொல்லும் மேல் ஸ்தாயிக்கு ஏறி, அங்கே நின்று ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும். பாடசாலை ஒன்றின் விளையாட்டு மண்டபத்தில்தான் அன்றைக்கும் விழா, இன்றைக்கும் விழா. அந்த இடம் வரும்போது பின்னால் ரோல்ஸ் பொரிக்கிறவர்கள்கூடக் கரண்டியை வைத்துவிட்டு நிற்பார்கள். அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் வருடா வருடம் என்னை ஏற்றினார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து பெருமைப்பட்டேன். பொய் சொல்வானேன்.

2

எங்கள் ஒரே மகள் துளசி இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பதினொரு வயது வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு இழுபடவில்லை. பதின்மூன்று வயதில் எங்கிருந்தோ ஜப்பான் பாட்டைப் பிடித்துக்கொண்டாள். நூலகத்தில் புத்தகம் எடுத்து, தானே அந்த மொழியைப் படித்தாள். நான் தலைகீழாக நின்றும் சொல்லிக்கொடுக்க முடியாத தமிழ் எழுத்து இருநூற்றுச் சொச்சம். அவள் யாரும் கேட்காமலே ஜப்பான் எழுத்து இரண்டாயிரம் படித்தாள். எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. இப்போது கொப்பன்ஹேகனில் அந்த மொழியை வைத்தே உத்தியோகம் பார்க்கிறாள், அதன் புறநகரான புரொண்பியில் சின்ன வீடொன்றில் இருக்கிறாள்.

அவளுடைய அறைச் சுவர் முழுக்க ஒரே மாதிரி உடுப்புப் போட்ட பெண்பிள்ளைகளின் படங்கள். கூட்டமாக ஆடிப் பாடுகிற குழுக்கள். ஒருநாள் பள்ளியால் வந்து கட்டிலில் விழுந்து அழுதாள். பதறிப்போய் என்னவென்று கேட்டால், அந்தக் குழுவில் ஒருத்திக்கு 'பட்டமளிப்பு'. இருபத்திரண்டு வயதில் குழுவைவிட்டுப் போவதற்கு அங்கே அப்படித்தான் பெயராம். அதற்கென்று ஒரு கச்சேரி, ஒரு வெள்ளை உடுப்பு, கண்ணீர்.

"பாடுறதை நிப்பாட்டிறதுக்குப் பட்டமோ? எங்கட ஊரில பாடத் தொடங்கிறதுக்கே இருபத்திரண்டு வயசு காணாது," என்றேன்.

"ஹோல் நு ஓப், அம்மா" என்றாள். நிப்பாட்டுங்கோ என்று அர்த்தம். கதவு சாத்தப்பட்டது.

அப்படியான கூட்டமொன்றிலிருந்து வந்த ஒருத்தியைப் பற்றித்தான் இந்தக் கதை. பெயர் சயோரி. துளசி பிறப்பதற்கு முன்பே ஐந்து பிள்ளைகள் கொண்ட குழு ஒன்றில் பாடியவள். பத்தொன்பது வயதில் அவளுக்குச் சுருதியே நிற்காதாம். சிரிப்பு மட்டும் நன்றாக வரும், பாட்டு வராது என்று பத்திரிகைகள் கேலி செய்தனவாம். மற்ற நாலு பேரும் பட்டம் வாங்கிக்கொண்டு கலியாணம், கடை என்று போய்விட்டார்கள். இவள் போகவில்லை. முப்பது வயதில் ஒரு வாத்தியாரிடம் போய் மூச்சுப் பிடிக்கப் பழகினாளாம். நாற்பது கடந்து தொண்டையில் சத்திரசிகிச்சை, இரண்டு வருடம் மேடையில் இல்லை. திரும்பி வந்து இன்றைக்கும் பாடுகிறாள். இவ்வளவையும் துளசி சாப்பாட்டு மேசையில் துண்டு துண்டாகச் சொன்னாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. குரல் என்றால் பிறக்கும்போதே வரவேண்டும். வராதவள் பிடிவாதத்தால் இத்தனை வருடம் நிற்கிறாள் என்றால், பிறவியிலே கிடைத்த எங்களுக்கு என்ன மரியாதை? அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் அவளுடைய பழைய பாட்டு ஒன்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒரு சொல்லும் விளங்காது. சோறு வடிக்கும்போது முணுமுணுப்பேன், துளசியின் காலடி கேட்டால் நிறுத்திவிடுவேன்.

3

ஐம்பத்தைந்து வயதில் என் ஆறாம் கட்டை ஆடத் தொடங்கியது. முதலில் சளி, தடிமல் என்றேன். பிறகு வேலை இடத்துச் சலவைத்தூள் என்றேன். குடும்ப வைத்தியர் என்னைத் தொண்டை வைத்தியரிடம் அனுப்பினார். அவர் மூக்கு வழியாகக் கமராவை விட்டு என் குரல் நாண்களைத் திரையில் காட்டினார். இரண்டு வெள்ளை இழைகள், சேர வேண்டிய இடத்தில் நடுவில் மெல்லிய இடைவெளி.

"வயதோடு வருவது. நோயில்லை. வேலைக்குக் குரலைப் பாவிக்கிறீர்களா? பாடுவீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பாடுகிறவள் என்றால் அந்த இடைவெளி என் தொழிலில் விழுந்த ஓட்டை ஆகிவிடும் என்று பயந்தேனாக்கும். அந்த 'இல்லை' ஒரு படிவத்தில் ஏறி, படிவம் கொம்யூன் என்கிற நகரசபைக்குப் போய், மூன்று மாதம் கழித்து எண்ணிமத் தபால்பெட்டியில் கடிதம் வந்தது. என்னுடைய வேலைக்குக் குரல் அவசியமில்லை, ஆகையால் குரல் பயிற்சிக்கு உதவி இல்லை. ஐந்து பந்தியில், மிகப் பணிவாக. அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த வருட விழாவில் உண்மையாகவே தடிமலும் சேர்ந்துகொண்டது. கடைசி வரி வந்தது. இனி ஏறாது, ஊர் சிரிக்கப் போகிறது என்று நினைத்து வாயைத் திறந்தேன். ஒலிபெருக்கியிலிருந்து என் குரல் வந்தது. முழுசாக, ஒரு கீறல் இல்லாமல், 'வா மகளே' என்று ஏறி நின்றது. நான் பாடவில்லை.

திரும்பிப் பார்த்தேன். இவர் தலையைக் குனிந்து கீபோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மேடையில் தபேலா, வயலின் எல்லாம் இவருடைய மடிக்கணினியிலிருந்துதான் வரும். பதினைந்து வருடத்துக்கு முதல் வீட்டு நிலவறையில் வைத்து அதே தாளத்தோடு என் குரலையும் பதிவு செய்து வைத்திருந்தார். மேல் ஸ்தாயி வரும்போது அந்தப் பதிவை மெல்லத் தூக்கி விட்டிருக்கிறார். நான் ஒலிவாங்கியை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து உதட்டை அசைத்தேன். கைதட்டல் எப்போதும் போலத்தான்.

வீட்டுக்கு வந்து ஆறு ஏழு தரம் சண்டை பிடித்தேன். "உம்மட குரல்தானே. களவெடுத்ததோ?" என்றார். எனக்காகத்தான் செய்தார், அது எனக்குத் தெரியும். அடுத்த வருடம் நானே, "அந்த இடத்துக்கு அதைப் போடுங்கோ" என்றேன். அதற்கு அடுத்த வருடம் கேட்கவே தேவைப்படவில்லை.

பிறகு இந்த வருடத் தொடக்கத்தில் சங்கச் செயலாளர் சுதன் வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை, என்னை அக்கா அக்கா என்று சுற்றிவருவார். "முப்பதாவது விழா அக்கா. உங்களுக்கொரு பட்டம் குடுக்கிறதெண்டு நிர்வாகம் முடிவெடுத்திருக்கு. 'மாறாத குரல்'. கேடயத்துக்கு ஓடர் குடுத்தாச்சு."

இவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

4

சித்திரை மாதம் துளசியிடம் போயிருந்தேன். ஓகூஸில் ரயில் மாறிப் போவது, நாலரை மணித்தியாலப் பயணம். போன அன்றே, "ஞாயிறு பின்னேரம் எனக்கொரு கச்சேரி இருக்கு. கூட வாறதாயிருந்த சிநேகிதிக்குக் காய்ச்சல். ரிக்கெற் வீணாப்போகுது, வாறீங்களோ?" என்று டேனிஷில் கேட்டாள்.

"ஆர் பாடுறது?"

"சயோரி."

வராமல் விட்டால் கோபிப்பாள் என்றுதான் போனேன். நானூறு பேர் கொள்ளும் மண்டபம். நரைத்த டேனிஷ்காரர், தலைமயிருக்கு நீலச் சாயம் பூசிய பிள்ளைகள், ஜப்பான் குடும்பங்கள் சில. அறுபத்தொரு வயது ஜப்பான்காரி கறுப்பு உடுப்பும் தட்டைச் செருப்புமாக நடந்து வந்தாள். மினுக்கம் ஒன்றும் இல்லை. வந்து நின்று குனிந்து வணங்கினாள், நிமிர்ந்தாள், கடைசி வரிசையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

எனக்கு அங்கேயே ஒன்று குத்தியது. முப்பது வருடம் பாடினேன், ஒரு முகத்தையும் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் பின்சுவர் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் பாடுவேன். குரல் இருக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும் என்ற திமிர்.

இவளிடம் குரல் அவ்வளவு இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு பிழை பிடிக்கத்தானே இருந்தேன். கரகரப்பு இருந்தது. மூச்சுக் குறைவு. ஒரே மூச்சில் போகவேண்டிய வரியை இரண்டாக உடைத்துப் பாடினாள், ஆனால் உடைத்த இடத்தில் ஒரு அர்த்தம் இருக்கிறது போலப் பாடினாள். இடையில் தண்ணீர் குடித்தாள். திரும்பி நின்று ஒளித்துக் குடிக்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டே குடித்தாள், சனம் காத்திருந்தது.

பிறகு அந்தப் பாட்டு. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்ட பாட்டு. முன்னிசை தொடங்கியதுமே என் வாய் முந்திக்கொண்டது.

"என்னடி, இறக்கிப்போட்டாள்! ஒண்டரைக் கட்டை!"

துளசி திரும்பிப் பார்த்தாள். மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். "அம்மா, உங்களுக்கு இந்தப் பாட்டுத் தெரியுமா?"

"பத்து வருஷமாக் கதவுக்கு வெளியில நிண்டனானெல்லோ."

பாட்டின் உச்சி வந்தது. இறக்கியும் அவளுக்குப் போதவில்லை. குரல் நடுவில் பிளந்தது. ஐயோ பாவம் என்று நினைத்தேன். அந்த நேரம் நான் பார்த்தது அவளுடைய கையைத்தான். ஒலிவாங்கி அசையவில்லை. உதட்டோடு ஒட்டி இருந்தது. பிளந்த குரல் அப்படியே மண்டபம் முழுக்கப் போனது, அவள் அதை மறைக்கவில்லை, அதற்காகச் சிரிக்கவும் இல்லை. முடிந்ததும் குனிந்தாள். கைதட்டல் ஓயும்வரை நிமிரவில்லை. பக்கத்தில் இருந்த டேனிஷ்கார மனிசன் கண்ணைத் துடைத்தார்.

5

வெளியே இன்னும் வெயில் இருந்தது. ரயில் நிலையத்துக்கு நடந்தோம். துளசி அந்தப் பாட்டைப் பற்றிச் சொன்னாள். சயோரி எந்த ஊரில் எந்தக் கட்டையில் பாடினாள் என்று அங்கே ரசிகர்கள் குறித்து வைப்பார்களாம். இறக்கிய முதல் வருடம் பலர் விட்டுவிட்டுப் போனார்களாம். இருந்தவர்கள் இருந்தார்களாம்.

"எங்கட ஆக்கள் இருக்கமாட்டினம்," என்றேன். என்னை அறியாமலே என் வாயிலிருந்து வந்துவிட்டது.

துளசி நின்றாள். கைப்பேசியில் போன வருட விழாக் காணொளியை எடுத்தாள். கடைசி வரியை வைத்துக் காட்டினாள்.

"டே ஏ இக்க டாய்," என்றாள்.

அது நீங்கள் இல்லை.

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்," என்று சீறினேன்.

"பாருங்கோ அம்மா. இந்த இடத்தில உங்கட தோள் ஏறி இறங்குது. நீங்கள் மூச்சு எடுக்கிறீங்கள். குரல் மூச்சு எடுக்கேல்ல." பாதி தமிழ், பாதி டேனிஷ். ஜப்பான் பாட்டுக்காரிகளின் வாயசைப்பைப் பிடித்துப் பழகிய பிள்ளை, பெற்ற தாயைப் பிடிக்கமாட்டாளா? "ரெண்டு வருஷமாத் தெரியும். அதுதான் விழாவுக்கு வாறேல்ல. வந்தால் கைதட்டோணும். எனக்கு ஏலாது."

வேலை, தூரம், சலிப்பு, டேனிஷ் சிநேகிதர்கள் என்று அவள் வராததற்கு நான் எத்தனை காரணம் வைத்திருந்தேன்! எல்லாரிடமும் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறேன், இந்த நாடு பிள்ளையைப் பறித்துவிட்டது என்று. 'வா மகளே' என்று பாடுகிற பாட்டுக்கு மகள் வராமல் இருந்தது அந்தப் பாட்டில் நான் செய்த பொய்யால். நடுத்தெருவில் நின்று அழுதேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"முப்பதாவது விழாவுக்கு வா," என்றேன் கடைசியில்.

"பாப்பம்," என்றாள். அதைத் தமிழில் சொன்னாள், ஆனால் அந்தச் சொல்லுக்கு எங்களுக்குள் என்ன பெறுமதி என்று உங்களுக்கே தெரியும்.

6

ஸ்கீவவுக்குத் திரும்பி வந்ததும் இவரிடம் சொன்னேன். "நாலரைக் கட்டைக்கு இறக்குவம்."

இவர் கணினியைப் பார்த்தபடி சொன்னார்: "இறக்கினால் பழைய பதிவைப் போடேலாது. அது ஆறில இருக்கு. சேராது."

"அதுக்குத்தான்."

"முப்பதாவது வருஷத்திலயோ? 'மாறாத குரல்' எண்டு எழுதி வைச்சிருக்கிறாங்கள். இந்த ஒரு முறை ஆறில பாடும். வாற வருஷம் இறக்குவம், ஒருத்தரும் கவனிக்கமாட்டினம்." பிறகு மெதுவாக, "உம்மைப் பாத்து ஆரும் சிரிச்சால் என்னால தாங்கேலாது" என்றார்.

அந்தக் கடைசி வசனத்தில் நான் தோற்றுப்போனேன். சரி என்றேன். ஆறிலேயே ஒத்திகை பார்த்தோம், பதிவோடு. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஆறுதலாகவும் இருந்தது.

விழா ஆனி மாதச் சனிக்கிழமை மத்தியானம். திரைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். மூன்றாவது வரிசைக் கரையில் துளசி இருந்தாள். தனியாக, கால்சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்தபடி. சந்தோசப்பட வேண்டிய நான் பயந்துபோனேன். பதிவு ஓடும்போது அந்தக் கைகள் மடியிலேயே இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

சுதன் மேடையில் வாசித்தார்: "முப்பது வருடங்களாக ஒரு சுரமும் இறங்காத குரல், ஒரு நாளும் மாறாத குரல்..." சனம் தட்டியது. நான் நடந்து போய் ஒலிவாங்கியை எடுத்தேன். இவர் முன்னிசையை ஆறில் தொடங்கினார். பின்சுவர் மணிக்கூட்டைத் தேடினேன். இந்த முறை அலங்காரச் சீலையை அதற்கு மேலால் தொங்கவிட்டிருந்தார்கள். பார்ப்பதற்கு முகங்கள் மட்டும்தான் இருந்தன.

இவர் பக்கம் திரும்பினேன். "இஞ்சேருங்கோ. நிப்பாட்டுங்கோ. நாலரைக்கு இறக்குங்கோ."

ஒலிவாங்கி வாய்க்குக் கிட்ட இருந்ததை மறந்துவிட்டேன். மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. யாரோ சிரித்தார்கள். இவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் கண்டதில்லை. வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினார். நான் அசையவில்லை. கடைசியில் மடிக்கணினியின் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற பிடியை அடிவரைக்கும் இழுத்து விட்டார், பதிவும் அதோடு நின்றது. கீபோட்டில் சுருதி இறக்கும் பொத்தானை, அரை அரைக் கட்டையாக, மூன்று தரம் அமத்தினார்.

பாடினேன். கீழ்ச் சுருதியில் முதல் இரண்டு வரி எனக்கே அந்நியமாக இருந்தது. ஆறில் பாடிய காலம் முழுக்க நான் இறங்கிப் பார்க்காத இடங்கள் அவை. அங்கேயும் என்னிடம் குரல் இருந்திருக்கிறது. கடைசி வரிக்கு முன்னால் மூச்சு எடுத்தேன், தோளை ஒளிக்கவில்லை. 'வா' ஏறியது. 'மகளே' என்னும்போது நடுவில் பிளந்தது. கை தானாக ஒலிவாங்கியைத் தள்ளப் பார்த்தது. தள்ளாமல் பிடித்துக்கொண்டேன். பிளந்தது பிளந்தபடி போனது, நான் மூன்றாவது வரிசையைப் பார்த்துப் பாடி முடித்தேன்.

கைதட்டல் வந்தது. பழைய கைதட்டல் இல்லை, மெலிந்தது, மரியாதைக்கு. முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னது எனக்குக் கேட்டது: "சுருதி இறங்கிப் போச்சு, பாவம்." வலித்தது. இப்போதும் வலிக்கிறது.

சுதன் பொன்னாடையைப் போர்த்திவிட்டுக் கேடயத்தைத் தூக்கினார். நான் கையை நீட்டவில்லை.

"தம்பி, குறை நினையாதேங்கோ. கடைசி மூண்டு வருஷமும் அந்த உச்சியில நீங்கள் கேட்டது பதினைஞ்சு வருஷத்துக்கு முந்திப் பதிஞ்ச குரல். நான் வாயைத்தான் அசைச்சனான். இண்டைக்குக் கேட்டதுதான் இப்ப இருக்கிற குரல். இந்தக் கேடயத்தில எழுதியிருக்கிறது பொய். பொன்னாடை இருக்கட்டும், இஞ்ச குளிர்."

சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை. "பிழை என்ர, அவவின்ர இல்லை!" என்று பின்னாலிருந்து இவர் எழும்பிக் கத்தினார். கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுதன் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவரை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. மூன்றாவது வரிசையில் துளசி எழும்பி நின்று தட்டிக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் அவள் ஒருத்திதான் எழும்பி நின்றாள்.

அடுத்த கிழமை கடையில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெண் என்னைக் கண்டும் காணாதது போலப் போனா. நிர்வாகத்தில் இதைப் பற்றிக் கூட்டம் நடந்ததாகக் கேள்வி. வாற வருடம் என்னைக் கூப்பிடுவார்களோ தெரியாது.

7

விழா முடிந்து வீட்டுக்குக் காரில் வந்தோம். ஆனி மாதத்து வெளிச்சம், வயலெல்லாம் பச்சை. இவர் ஓட்டினார், நான் பக்கத்தில், துளசி பின்னால்.

"அந்தப் பதிவை அழிச்சுவிடப் போறன்," என்றார் இவர் திடீரென்று.

"வேண்டாம் அப்பா. போடுங்கோ, கேப்பம்," என்றாள் துளசி.

இவர் காரை ஓரமாக நிறுத்தி, தன் கைப்பேசியில் அந்தப் பதிவைத் தேடிப் போட்டார். மூன்று வருடம் அதற்கு வாயசைத்தேன், ஒரு நாளாவது இருந்து கேட்டதில்லை. எங்கே சேரும், எங்கே பிடிபடும் என்ற பயத்தோடேயே அதைத் தெரியும். இப்போதுதான் கேட்டேன். நிலவறையில் நின்று, பிள்ளை பள்ளியால் வருவதற்கிடையில் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஒருத்தி பாடுகிறாள். வேலை முடிந்து வந்த களைப்பு அதில் தெரியவில்லை. மூச்சு எடுக்காமல் அந்த உச்சிக்கு ஏறுகிறாள், நிற்கிறாள், சுற்றி இறங்குகிறாள். அவளோடு எனக்குப் போட்டி இல்லை என்று தெரிந்ததும் கண்ணீர் வந்தது.

"ஆரடி இவள்?" என்றேன் பின்னால் திரும்பி. "நல்லாப் பாடுறாள்."

துளசி பின்னாலிருந்து கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள்.

"அதுவும் நீங்கள்தான் அம்மா," என்றாள். தமிழில்தான் சொன்னாள்.